கரையும் என்று காட்டிய படம்

லண்டன் மருத்துவ வரலாறு – 17

சென்ற இதழில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸை அவருடைய சோதனைக் குழாயோடு 1847இல் நிறுத்திவிட்டு வந்தோம். லண்டன் மளிகை வியாபாரி ஒருவரின் சிறுநீரைச் சூடாக்கினால் திரிகிறது, கொதிக்கவிட்டால் தெளிகிறது, ஆறவிட்டால் மறுபடியும் திரிகிறது. இந்த விசித்திரமான புரதம் எலும்பை அரிக்கும் ஒரு நோயோடு சேர்ந்து வருகிறது என்பதுவரைதான் அவரால் சொல்ல முடிந்தது. அது என்ன புரதம் என்று தெரிய மேலும் 115 ஆண்டுகள் பிடித்தன. இடையில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். 1854இல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ, பிரேதப் பரிசோதனைகளில் கண்ட மெழுகுத்தன்மையுள்ள படிவின்மீது அயோடினை விட்டுப் பார்த்து, மாவுப்பொருளைப் போல நிறம் மாறுவதால் அதற்கு அமிலாய்டு என்று பெயரிட்டார். ஐந்தே ஆண்டுகளில் அது புரதம் என்று ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் நிறுவினார்கள். 1856இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ், இப்படி மெழுகேறிய உறுப்புகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். 1922இல் காங்கோ சிவப்புச் சாயம் இந்தப் படிவைப் பற்றிக்கொள்வதை பென்ஹோல்டு கண்டார். 1959இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அந்தப் படிவு முழுக்க மெல்லிய இழைகள் என்று காட்டியது.

அதே 1959ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு திசையில் ஆன்டிபாடியின் அமைப்பு அவிழ்ந்துகொண்டிருந்தது. லண்டன் மில் ஹில்லில் ரோட்னி போர்ட்டர், பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்சைமால் ஆன்டிபாடியை வெட்டிப் பிரித்தார். நியூயார்க்கில் ஜெரால்டு எடல்மன் அதன் சங்கிலிகளைத் தனித்தனியாக்கினார். இரண்டு கனமான சங்கிலிகள், இரண்டு லேசான சங்கிலிகள். 1962இல் எடல்மனும் ஜோசப் கேலியும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்பது ஆன்டிபாடியின் லேசான சங்கிலியே என்று காட்டினார்கள். 1971இல் அமெரிக்காவின் ஜார்ஜ் கிளென்னர் குழு அமிலாய்டு இழையைப் பிரித்து அமினோ அமில வரிசையைப் படித்தபோது அதிலும் அதே லேசான சங்கிலி. எலும்பு மஜ்ஜையில் ஒரு பிளாஸ்மா செல் கட்டுக்கடங்காமல் பெருகி, ஒரே வகை லேசான சங்கிலியை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது மடிப்பு தவறி, இழையாகத் திரண்டு, இதயத்திலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் படிகிறது. உடலைக் காக்க வேண்டிய ஆன்டிபாடியின் ஒரு துண்டே உறுப்புகளை அடைத்துவிடுகிறது. இது ஒரு வகை. காசநோய், தொழுநோய், முடக்குவாதம் போன்ற நீண்டகால அழற்சியில் கல்லீரல் சுரக்கும் எஸ்.ஏ.ஏ. என்ற புரதம் படிவது இரண்டாவது வகை. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் முதுமையாலோ மரபணுப் பிழையாலோ இதயத்தில் படிவது மூன்றாவது. மனித உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இப்படி இழையாகக் கூடியவை.

ஆக 1970களின் தொடக்கத்தில் நோய் எதனால் ஆனது என்பது தெரிந்துவிட்டது. அதனால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. காரணம், அன்று மருத்துவ உலகில் பரவலாக நிலவிய ஒரு நம்பிக்கை: அமிலாய்டு ஒருமுறை படிந்தால் படிந்ததுதான், உடல் அதைக் கரைக்காது. இதை யாரும் நிரூபிக்கவில்லை. மறுக்கவும் வழி இல்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் உடலில் எவ்வளவு அமிலாய்டு இருக்கிறது, போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அளக்க ஒரு கருவியும் கிடையாது. பயாப்சியில் எடுக்கும் ஊசிமுனைத் துணுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லும்; மொத்தக் கணக்கைச் சொல்லாது. இந்த அத்தியாயத்தில் நான் வாதிட விரும்புவது இதுதான்: அமிலாய்டு படிவதால் வரும் இந்த நோயின், அதாவது அமிலாய்டோசிஸின், வரலாற்றைத் திருப்பியது மருந்து அல்ல, அளவுகோல். அந்த அளவுகோலைத் தந்த மார்க் பெப்பிஸ் என்ற லண்டன் விஞ்ஞானி தம் பிற்காலத்தில் ஒரு ஆன்டிபாடி மருந்தையும் உருவாக்கினார். அது சந்தைக்கு வரவில்லை. அதை வைத்து அவருடைய அரை நூற்றாண்டு உழைப்பைத் தோல்வி என்று எழுதுபவர்கள் கணக்கைத் தப்பான பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்.

பெப்பிஸ் 1944இல் பிறந்தவர். தந்தை ஜேக் பெப்பிஸ், பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூசு விவசாயிகளின் நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது என்பதை விளக்கிப் பெயர்பெற்ற ஒவ்வாமை மருத்துவர். மகன் கேம்பிரிட்ஜில் செய்த முதல் முக்கியமான ஆய்வு அமிலாய்டைப் பற்றியதே அல்ல. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரத வரிசை உண்டு. கிருமியின்மேல் ஆன்டிபாடி ஒட்டியதும் இந்த வரிசை தூண்டப்பட்டு, விழுங்கும் செல்களை அந்த இடத்துக்கு அழைத்துவரும். நாகப்பாம்பின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தை எலிகளுக்குச் செலுத்தினால், இந்த வரிசையின் நடுநாயகமான சி3 தீர்ந்துபோகிறது. அப்படித் தீர்ந்துபோன எலிகளால் பல வகைத் தூண்டல்களுக்கு ஆன்டிபாடியைச் சரிவர உருவாக்கவே முடியவில்லை என்று 1970களின் முதல் பாதியில் பெப்பிஸ் காட்டினார். ஆன்டிபாடி வேலை செய்ய மட்டுமல்ல, அது உருவாகவும் காம்ப்ளிமென்ட் வேண்டும் என்பது அன்றைக்குப் புதிய செய்தி. இந்தப் பாம்பு விஷ ஆய்வை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு வேடத்தில் அது திரும்பி வரும்.

பிறகு ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்த ராயல் போஸ்ட்கிராஜுவேட் மருத்துவப் பள்ளிக்கு வந்தவர், இரண்டு ரத்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்று சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் சின்ன ஊர் ஆய்வகத்திலும் எடுத்துப் பார்த்த அதே சி.ஆர்.பி.தான். மற்றது அதன் உடன்பிறப்பு போன்ற எஸ்.ஏ.பி.; இரண்டும் ஐந்து ஒரே மாதிரி அலகுகள் வளையமாகச் சேர்ந்த புரதங்கள். சி.ஆர்.பி. அழற்சி வந்தால் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு ஏறும். எஸ்.ஏ.பி.யோ மனிதரில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் என்று பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் கிடக்கும். அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. அமிலாய்டு எந்தப் புரதத்தால் ஆனதாக இருந்தாலும் சரி, லேசான சங்கிலியோ எஸ்.ஏ.ஏ.யோ டிரான்ஸ்தைரெட்டினோ, அதன் இழைகளில் எஸ்.ஏ.பி. போய் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் இருக்கும்வரை ஒட்டும், கால்சியத்தை நீக்கினால் விடும். ரத்தத்தில் சில பத்து மில்லிகிராம் மட்டுமே இருக்கும் இந்தப் புரதம், நோயாளியின் படிவுகளில் கிராம் கணக்கில் சேர்ந்திருக்கும். மற்றவர்கள் இதை அமிலாய்டோடு வரும் ஒரு கலப்படம் என்று ஒதுக்கினார்கள். பெப்பிஸ் கேட்ட கேள்வி எளிமையானது: எல்லா அமிலாய்டிலும் தவறாமல் போய்ச் சேரும் ஒன்றின்மேல் கதிரியக்கக் குறியை ஏற்றி அனுப்பினால், அது படிவு இருக்கும் இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்காதா?

காட்டிக்கொடுத்தது. ஃபிலிப் ஹாக்கின்ஸ் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். முதலில் எலிகளில் செய்து பார்த்தார்கள், 1990இல் நியூ இங்கிலாண்டு ஜர்னல் ஆஃப் மெடிசினில் நோயாளிகளின் படங்கள் வந்தன. முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தானமாக வந்த மனித ரத்தத்திலிருந்து எஸ்.ஏ.பி.யைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதில் அயோடின்-123ஐ இணைக்கிறார்கள். அந்த அயோடினின் அரை ஆயுள் 13 மணி நேரம். அதனால் கதிரியக்கம் உடலில் நீண்ட நாள் தங்காது. பிரிந்துவரும் அயோடினைத் தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்ளாமலிருக்க நோயாளிக்கு முன்கூட்டியே சாதாரண அயோடைடு கொடுக்கிறார்கள். பிறகு கைச் சிரையில் ஒரு சின்ன ஊசி. மறுநாள் வந்து காமா கேமராவின் கீழே படுக்க வேண்டும். நோயில்லாதவரின் படத்தில் ரத்தம் ஓடும் இடங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். நோயாளியின் படத்தில் மண்ணீரல் கன்னங்கரேலென்று நிற்கும். கல்லீரல் நிறைந்திருந்தால் வயிற்றின் வலப்பக்கம் முழுவதும் கறுத்துவிடும். படிவு சேர்ந்த சிறுநீரகங்கள் முதுகுப்புறப் படத்தில் இரு புள்ளிகளாகத் துலங்கும். கத்தி வைக்காமல் முழு உடலின் அமிலாய்டுக் கணக்கு ஒரே தாளில் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே நோயாளியை அதே கேமராவின் கீழ்ப் படுக்கவைத்தால் வரவு செலவும் தெரிந்துவிடும்.

அந்த வரவு செலவுதான் பழைய நம்பிக்கையை உடைத்தது. அமிலாய்டு கல்வெட்டு அல்ல. உடல் அதை மெதுவாகக் கரைத்துக்கொண்டேதான் இருக்கிறது. புதிய சரக்கு அதைவிட வேகமாக வந்து குவிவதால்தான் கூடுவதாகத் தெரிகிறது. வரத்தை அடைத்தால் இருப்பு குறையும். 2001இல் ஜூலியன் கில்மோரும் பெப்பிஸ் குழுவினரும் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், அழற்சிவகை அமிலாய்டோசிஸ் உள்ள 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். அழற்சியைக் கட்டுப்படுத்தி எஸ்.ஏ.ஏ. அளவை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்த 42 பேரில் 25 பேருக்கு ஸ்கேனில் படிவு குறைந்திருந்தது. இதைச் சொல்ல ஒரு புதிய மருந்தும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருக்கிற மருந்தை எந்த எல்லைவரை கொடுக்க வேண்டும் என்ற இலக்குதான் புதிது. இந்த இலக்கு தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் இந்த வகை அமிலாய்டோசிஸுக்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணம் காசநோய். தொழுநோயும் கணிசமான பங்கு வகித்தது. மனோர் பார்க் அடங்கிய, கிழக்கு லண்டனின் நியூஹாம் வட்டாரமும் இங்கிலாந்தில் காசநோய் மிகுந்த பகுதிகளில் ஒன்றாகப் பல ஆண்டுகளாகப் பதிவாகிவந்திருக்கிறது. காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நுரையீரல் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆறாத அழற்சி சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் அடைத்துவிடக்கூடும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அளப்பது என்றால் எவ்வளவு என்று அறிவது மட்டுமல்ல, எது என்று அறிவதும்தான். 1993இல் பெப்பிஸ் குழு, லைசோசைம் மரபணுவில் ஏற்படும் பிழையும் குடும்பவழி அமிலாய்டோசிஸை உண்டாக்கும் என்று நேச்சர் இதழில் அறிவித்தது. கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள, அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினுக்கு முன்பே கண்டறிந்த அதே லைசோசைம். 2002இல் ஹெலன் லாக்மன் முதலானோர், லேசான சங்கிலி வகை என்று கருதப்பட்ட 350 நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 34 பேருக்கு இருந்தது மரபுவழி வகை. பத்தில் ஒருவருக்கு, தேவையே இல்லாத கீமோதெரபி கொடுக்கப்பட்டிருக்கக்கூடிய நிலை. ஒரு நோயை எண்ணிக்கையாலும் வகையாலும் பிரித்தறிவது எத்தனை பேரை மருந்திலிருந்தே காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1994 ஒரு தனி ஆண்டு. எஸ்.ஏ.பி.யின் முப்பரிமாண அமைப்பை, பெப்பிஸும் பர்க்பெக் கல்லூரியின் டாம் பிளண்டெல், ஸ்டீவ் வுட் குழுவும் சேர்ந்து எக்ஸ்ரே படிகவியலால் வரைந்தார்கள். நேச்சரில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் என். ஸ்ரீனிவாசன் என்றொரு பெயர் இருக்கிறது. அதே ஆண்டு சி.ஆர்.பி., எஸ்.ஏ.பி. குடும்பத்தின் அமைப்பை ஒப்பிட்டு எழுதிய இன்னொரு கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவரே. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட வரைபடத்தின் கூட்டாசிரியர் சி. ராமகிருஷ்ணன்; அவரிடம் பயின்றவர் ஸ்ரீனிவாசன். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, 2021இல் காலமானார். அமிலாய்டு ஆய்வு வரலாற்றில் சென்னை மரபின் இந்தக் கைரேகையை யாரும் பெரிதாகக் குறிப்பிடுவதில்லை என்பதால் இங்கே பதிந்துவைக்கிறேன். அந்த அமைப்பு தெரிந்ததால்தான் அடுத்த படி கைகூடியது. எஸ்.ஏ.பி.யின் ஒட்டும் முகம் எங்கே இருக்கிறதென்று அறிந்து, இரு முனையிலும் ஒரே பிடிப்புள்ள ஒரு சின்ன மூலக்கூறை ரோஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார் பெப்பிஸ். அது இரண்டு எஸ்.ஏ.பி. வளையங்களை முகத்தோடு முகமாகப் பூட்டிவிடும். பூட்டிய ஜோடியைக் கல்லீரல் உடனே ரத்தத்திலிருந்து அகற்றிவிடும். 2002இல் இது வெளியானது. ரத்தத்தில் எஸ்.ஏ.பி. ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆனால் ஏற்கெனவே படிந்த அமிலாய்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே மிஞ்சியது, படிவும் கரைந்துவிடவில்லை.

அந்த மிச்சத்தைத்தான் பெப்பிஸ் இலக்காக்கினார். இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. எஸ்.ஏ.பி.க்கு எதிரான ஆன்டிபாடியை நேராகச் செலுத்தினால் ரத்தத்தில் மிதக்கும் எஸ்.ஏ.பி.யோடு சேர்ந்தே அது வீணாகிவிடும். முதலில் சின்ன மூலக்கூறால் ரத்தத்தைத் துடைத்துவிட்டால், எஸ்.ஏ.பி. எஞ்சியிருக்கும் ஒரே இடம் அமிலாய்டு. அப்போது ஆன்டிபாடியைச் செலுத்தினால் அது நேரே அங்கே போய் உட்காரும். ஆன்டிபாடி உட்கார்ந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் தூண்டப்படும். விழுங்கும் செல்கள் திரண்டு, பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாக ஒன்றிணைந்து, படிவைத் தின்னும். 2010இல் நேச்சரில் வந்த கட்டுரை எலிகளில் இதைக் காட்டியது. இந்த வேலைக்குக் காம்ப்ளிமென்ட் இன்றியமையாதது என்பதும் அதில் தெளிவானது. நாகப்பாம்பு விஷத்தோடு தொடங்கியவருக்கு அந்த முடிவு ஆச்சரியம் தந்திருக்காது. கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் கைகொடுத்தது. 2015இல் 15 நோயாளிகளின் முதல் கட்டச் சோதனை முடிவு வெளியானது. ஆறே வாரத்தில் சிலருடைய கல்லீரலின் விறைப்புத் தளர்ந்தது, ஸ்கேனில் படிவு குறைந்தது. ஓர் உறுப்பிலிருந்து அமிலாய்டு வாரக்கணக்கில் நீங்குவதை மனிதரிடம் கண்டது பெரிய செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் இதய அமிலாய்டு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இதயம். இதய நோயாளிகளில் தொடங்கிய அடுத்த கட்டச் சோதனை, நன்மையும் அபாயமும் ஒத்துவரவில்லை என்று 2018இல் நிறுத்தப்பட்டது.

இங்கே முதல் ஆட்சேபம் எழுகிறது; எழுவது நியாயமே. பெப்பிஸின் ஆன்டிபாடி மட்டுமல்ல, இதே வழியில் போன மற்றவர்களும் இடறினார்கள். டென்னசியில் ஆலன் சாலமன் பென்ஸ் ஜோன்ஸ் புரதங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, லேசான சங்கிலி அமிலாய்டை நேரடியாகப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியை உருவாக்கினார். எலிகளில் அது படிவைக் கரைத்தது. அதன் வாரிசான அன்செலாமிமாப், 2025இல் இறுதிக் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. பிர்டாமிமாப் என்ற இன்னொன்று 2018இல் ஒருமுறையும் 2025இல் மறுமுறையும் சறுக்கியது. அப்படியானால், படிவை ஆன்டிபாடியால் கரைப்பது என்ற எண்ணமே பிழைதானா? அல்சைமர் நோயிலும் மூளை அமிலாய்டை நீக்கும் லெகனமாப் போன்ற ஆன்டிபாடிகள் படிவை நன்றாகவே நீக்குகின்றன, நினைவிழப்பைச் சற்றே தாமதப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. பிரிட்டனில் 2024இல் லெகனமாபுக்கு உரிமம் கிடைத்தபோதும், அரசுச் செலவில் தரும் அளவுக்குப் பயன் இல்லை என்று நைஸ் அமைப்பு கருதியது. படிவு நீங்குவது ஒன்று, நோயாளி பிழைப்பது வேறொன்று என்று இதை வைத்து ஒருவர் வாதிட்டால் என்ன பதில்?

பாதி பதில் அந்த ஆட்சேபத்துக்குள்ளேயே இருக்கிறது. படிவு நீங்கியும் நோயாளி தேறவில்லை என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால், படிவு நீங்கியதை அளக்க முடிவதால்தான் சொல்கிறோம். ஸ்கேன் இல்லாத காலத்தில் தோற்ற மருந்து ஏன் தோற்றது என்றே தெரியாமல் தோற்கும். மறுபாதி பதில் 2023இல் வந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் தேசிய அமிலாய்டோசிஸ் மையத்தில், டிரான்ஸ்தைரெட்டின் படிந்து இதயம் பலவீனமான ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் புரட்டியபோது மூன்று ஆண்கள் தனித்து நின்றார்கள். 68, 76, 82 வயது. மூவருக்கும் இதயப் படிவு தானாகவே ஏறக்குறைய மறைந்திருந்தது. அவர்களுடைய ரத்தத்தில், அமிலாய்டை நாடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே உருவாகியிருந்தன. ஒருவரின் இதயத் திசுவில் விழுங்கும் செல்கள் படிவைச் சூழ்ந்திருந்ததும் தெரிந்தது. மூன்று பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆன்டிபாடி காரணமா, உடன்நிகழ்வா என்பதும் தீர்ந்த வழக்கல்ல. ஆனாலும் மனித இதயத்திலிருந்து ஆன்டிபாடியின் துணையோடு அமிலாய்டு நீங்குவது நடக்கக்கூடியதே என்பதற்கு இது வலுவான சான்று. பெப்பிஸின் மருந்து தவறியிருக்கலாம், அவர் காட்டிய வழி அடைபட்டுவிடவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. லேசான சங்கிலி நோயாளிகளின் ஆயுளை உண்மையில் நீட்டித்தவர்கள் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய்க்கான மருத்துவர்கள்தானே, அமிலாய்டு விஞ்ஞானிகள் இல்லையே என்பது. உண்மைதான். இன்று இந்த நோயில் வெற்றிகரமாகப் பயன்படும் ஆன்டிபாடி டாராட்டுமுமாப். அது படிவைத் தொடுவதே இல்லை. லேசான சங்கிலியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லின் மேலிருக்கும் சிடி38 என்ற அடையாளத்தைப் பிடித்து செல்லையே ஒழிக்கிறது. 388 பேர் பங்கேற்று 2021இல் வெளியான சோதனையில், அது சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்த அளவில் முழுப் பலன் கிடைத்தது. சேராதவர்களில் 18 சதவீதம். ஆனால் அந்த முழுப் பலன் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? ரத்தத்தில் தனியாக மிதக்கும் லேசான சங்கிலியின் அளவை வைத்துத்தான் பெரும்பாலும். அதை நுட்பமாக அளக்கும் சோதனை 2001இல் பர்மிங்காமில் ஆர்தர் பிராட்வெல் குழுவால் உருவானது. செம்மறியாட்டில் உண்டாக்கிய ஆன்டிபாடிதான் அதன் உயிர். படிவைத் தாக்கும் ஆயுதமாக ஆன்டிபாடி தடுமாறிய அதே ஆண்டுகளில், அளக்கும் கருவியாக அது உலகெங்கும் பரவிவிட்டது. லண்டன் ஸ்கேன், பர்மிங்காம் சோதனை, மருந்து மூன்றும் சேர்ந்தே வரலாறு. இதை ஒரே மனிதரின் வெற்றிக் கதையாக எழுதினால் அதுவும் பொய்தான். மருந்துக்காரர்களின் பங்கை நான் குறைக்கவில்லை; கோடு போட்டுக் கொடுத்தவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. என் வாதத்தை அதிகம் சங்கடப்படுத்துவது இதுதான். எஸ்.ஏ.பி. ஸ்கேன் பரவவில்லை. மனித ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டிய புரதம், விலை அதிகம், பெருமளவில் தயாரிக்க முன்வருவோர் இல்லை. லண்டனுக்கும் நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கும் வெளியே அது வேரூன்றவில்லை. துடிக்கும் இதயத்தின் படிவையும் அது காட்டாது. 1999இல் அரசு நிதியோடு ராயல் ஃப்ரீயில் தேசிய மையம் அமைந்தபோது, நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கேதான் போக வேண்டியிருந்தது. செலவு என்.எச்.எஸ்.ஸுடையது, அது பெரிய விஷயம். மனோர் பார்க்கிலிருந்து போகிறவருக்கு எலிசபெத் லைனில் ஸ்ட்ராட்ஃபோர்டு, அங்கிருந்து ஓவர்கிரவுண்டில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத், இறங்கினால் பாண்ட் ஸ்ட்ரீட்டில் மருத்துவமனை. தூரம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே அனுப்ப வேண்டும் என்று யாருக்காவது தோன்றுவதுதான் தூரம். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வரும் எழுபது வயதுக்காரரை, ரத்த அழுத்தத்தால் வந்த இதயப் பலவீனம் என்று எழுதி அனுப்பிவிடுவது எளிது. மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரு டிரான்ஸ்தைரெட்டின் மரபணுப் பிழை இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 100க்கு மூன்று, நான்கு பேரிடம் அது உண்டு. ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் நியூஹாம் போன்ற வட்டாரத்தில் இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் நோய் அல்ல. இரு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவது, இதயம் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரும் தடயம். கைக்கு அறுவை சிகிச்சை செய்தவரும் இதயத்தைப் பார்த்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, ஒரு பாதிப் பதில் உண்டு. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் திரட்டியது அதைவிட எளிய அளவுகோல் நிலைபெற உதவியது. எலும்பு ஸ்கேனுக்கு என்று எந்தப் பெரிய மருத்துவமனையிலும் வைத்திருக்கும் டெக்னீஷியம் சேர்ந்த மருந்து, டிரான்ஸ்தைரெட்டின் படிந்த இதயத்தில் போய் ஒட்டுகிறது. அதோடு ரத்தத்திலும் சிறுநீரிலும் லேசான சங்கிலிக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துவிட்டால், இதயத்தில் ஊசி குத்திப் பயாப்சி எடுக்கவே வேண்டாம் என்று 2016இல் கில்மோர் தலைமையில் பல நாட்டு மையங்கள் 1217 பேரின் விவரங்களோடு காட்டின. இதற்கு மனித ரத்தப் புரதம் வேண்டாம், தேசிய மையமும் வேண்டாம். சென்னையிலும் வேலூரிலும் கொழும்பிலும் இருக்கும் காமா கேமராவே போதும். பெப்பிஸின் ஸ்கேன் ஊருக்கு ஊர் போய்ச் சேரவில்லை; அமிலாய்டை வெளியிலிருந்து படம் பிடித்து அளக்கலாம் என்ற துணிச்சல் போய்ச் சேர்ந்தது. அப்படி அளந்து கண்டுபிடித்தவர்கள் ஏராளமாகப் பெருகியதால்தான், அபூர்வ நோய் என்று எண்ணப்பட்ட ஒன்றுக்கு மருந்து நிறுவனங்கள் வரிசையில் நிற்கத் தொடங்கின.

அந்த வரிசையில் ஆன்டிபாடி மட்டுமல்ல, மரபணுவைத் திருத்தும் கத்தரியும் சேர்ந்துகொண்டது. 2021இல் ஆறு நோயாளிகளின் கல்லீரல் செல்களுக்குள், உடலுக்குள்ளேயே கிரிஸ்பர் முறையில் டிரான்ஸ்தைரெட்டின் மரபணுவை முடக்கிய முதல் சோதனையின் முடிவு வெளியானது. கூடுதல் அளவு பெற்ற மூவரின் ரத்தத்தில் அந்தப் புரதம் சராசரியாக 87 சதவீதம் குறைந்தது. சோதனை நடந்த இடங்கள் லண்டனும் நியூசிலாந்தும். வரத்தை அடைத்தால் இருப்பு குறையும் என்ற பழைய கணக்கு, மரபணுவிலேயே கைவைக்கும்போது எவ்வளவு தூரம் செல்லும், அதன் அபாயங்கள் என்ன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.